வீட்டுக்காரர் கையெழுத்து

நாள் 41, காலை 07:10

இந்த உறைகலனில் இருக்கும் சினைப்பைத் துண்டுகள் அத்தனையும் திருட்டுப் பொருள். நீர்க்கட்டி அறுவைக்குப் படுத்த நூற்பாலைப் பெண்களிடம் எடுத்தவை. சம்மதக் கையெழுத்து உண்டு. போட்டவர்கள் கணவர்கள்.

நான் நிலவழகி. இந்தச் சுற்றுப்பாதை ஆய்வகத்தில் தனி ஆள். குழந்தைப்பேறு ஆராய்ச்சிக்காக, துண்டுகளில் உள்ள முட்டைகளை எடையற்ற நிலையில் முதிரவைப்பது என் வேலை. கலன் வெப்பம் மைனஸ் 196. சீர்.

நாள் 43, பகல் 13:25

கலனைக் குளிர்விக்கும் நைட்ரஜன் கசிவு. அடைப்பதற்குள் எல்லாம் உருகிவிட்டன. தரையில் திட்டத் தலைவர் குருபரனுக்குச் சொன்னேன்.

"பதறாதீங்கம்மா. புது ஸ்டாக் பாத்துக்கலாம்."

அடுத்த விண்கலம் வர நான்கு மாதம் ஆகும். யாரிடமிருந்து எடுப்பீர்கள் என்றேன். சிரித்தார்.

"உங்களுக்கு முப்பது வயசுதானே?"

நாள் 44, காலை 09:40

அவசரச் சிகிச்சைக்காக இங்கே வைத்திருக்கும் அறுவை இயந்திரத்தைத் தரைக் கட்டுப்பாட்டு மையம் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. என் கடவுச்சொல்லை ஏற்கவில்லை. இணைப்பில் குருபரன்.

"ஒரு பக்கத்துச் சினைப்பை மட்டுந்தாம்மா. அதான் இன்னொண்ணு இருக்குல்ல?"

"எனக்குச் சம்மதம் இல்ல, சார்."

"உங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுட்டாரே."

நாள் 44, காலை 10:15

எழில்வேந்தனை இணைப்பில் கொண்டுவந்தார்கள். என் கணவன்.

"நிலா, சும்மா ஃபார்மாலிட்டின்னாங்க. உன் வேலைக்கு வேணும்னாங்க."

"படிச்சுப் பாத்தியா?"

"இங்கிலீஷ்ல பத்துப் பக்கம்டி. டென்ஷன் ஆவாத. நான் இருக்கேன்ல?"

நானூறு கிலோமீட்டர் கீழே இருக்கிறான். இரண்டு வருடமாக நாங்கள் ஒரு குழந்தைக்காகக் காத்திருக்கிறோம். அதுவும் அவனுக்கு நினைவில்லை.

நாள் 44, காலை 10:50

உறங்கும் அறைக்குள் இருக்கிறேன். உள்தாழ் போட்டேன். காற்றுத் துவாரத்தில் இனிப்பு வாசனை. மயக்க வாயு. போர்வையைத் திணித்தேன். போதவில்லை.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் சம்மதிக்கவில்லை. வயிற்றில் தழும்பு இருந்தால் அது என் விருப்பம் இல்லை.

இயந்திரம் தண்டவாளத்தில் வருகிறது. நின்றது. கதவுக்கு வெளியே.

தாழ் தானாக விலகுகிறது. காலால் கதவை அழுத்தி

விரல் மரத்துப்போ

தட்ட முடியவில்லை, இனிக் குரல் பதிவு. ஒலிவாங்கியில் கத்தினேன். தரை இணைப்பில் பச்சை விளக்கு எரிகிறது. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

"சார், என்னைக் கேளுங்க. ஒரே ஒரு தடவை என்னைக் கேளுங்க."

பச்சை விளக்கு.

"என்னைக் கேளுங்க