அறையில் இருந்தவர்கள்

லாத்தா,

போன செவ்வாய்க்கிழமை ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறை வாசலில் என் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பென்சிலைக் கொடுத்தார்கள். பழைய தாள்களுக்குப் பக்கத்தில் மை வரக் கூடாதாம். புதிதாகச் சீவிய பென்சில். அந்த மரவாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் மேசைதான் கண்ணில் தெரிந்தது. வலது பக்கம் ஆறு பென்சில்கள், எல்லாம் ஒரே கூர்மையில். காலையில் கைப்பையை வைத்ததும் அவற்றைச் சீவுவதுதான் உங்கள் முதல் வேலை. "பேனா நடுவுல மக்கர் பண்ணும் புள்ள. பெரிய மனுசன் பேச்சு அதுக்காக நிக்குமா?" என்பீர்கள்.

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்த விசாரணையின் சாட்சியப் பதிவுகளை இப்போதுதான் பொதுமக்கள் பார்க்கத் திறந்திருக்கிறார்கள். அறிக்கை அப்போதே வெளிவந்தது, நாம் இருவருமே படித்தோம். யாரிடம் என்ன கேட்டார்கள், யார் என்ன பதில் சொன்னார்கள் என்பது மட்டும் இத்தனை காலமும் பூட்டிக் கிடந்தது. திறந்துவிட்டார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஈசூனில் வீட்டுக்குப் பக்கத்தில் ரயில் ஏறி வந்துவிட்டேன். அவர்கள் உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்களா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நான் இதை ஒருநாளும் முழுதாக எழுதிப் பார்த்ததில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதியோர் இல்லங்கள் நடத்திய அந்த அமைப்பின் தலைவருக்கு நீங்கள் செயலாளர். நான் உங்களுக்குக் கீழே கோப்புகளை எடுத்துக் கொடுப்பவள், ஒப்பந்த வேலை. எல்லாரும் உங்களை மேடம் என்றார்கள். நான் மட்டும் உங்கள் தங்கைகள் கூப்பிடுவதைக் கேட்டு லாத்தா என்று ஒட்டிக்கொண்டேன். தலைவரோ செய்தித்தாளில் மாதம் ஒரு தடவையாவது சிரிக்கிற ஆள். அவர் வீட்டுத் தீபாவளிக்கு அமைச்சர்கள் வருவார்கள். அவர் வராந்தாவில் நடந்தால் நாங்கள் சுவரோடு சுவராக ஒதுங்குவோம். நீங்கள் மட்டும் நடுவிலேயே நடப்பீர்கள், "வழி ரெண்டு பேருக்கும் இருக்குலா" என்று.

கூட்டக் குறிப்பு எழுதுவதில் உங்களுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. அறையில் இருந்த அத்தனை பேர் பெயரும் முதல் பக்கத்தில் வந்தாக வேண்டும். தேநீர் கொண்டுவரும் மலாய்க்கார அம்மா, நாம் மக்சிக் என்று கூப்பிடுவோமே, அவர் பெயரும் வரும். எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்பதும் வரும். தலைவர் ஒருநாள் அதைப் பார்த்துச் சிரித்தார். "டீ குடுக்கிறவங்க பேரெல்லாம் எதுக்கு?" என்றார். நீங்கள் தலையை நிமிர்த்தவில்லை. "ரூம்ல இருந்தாங்களே சார்."

அந்தத் திங்கட்கிழமை காலை, மக்சிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போன பிறகு, அவர் அறையில் மூன்று பேர் இருந்தோம். அவர் மேசைக்குப் பின்னால். நீங்கள் எதிர் நாற்காலியில், மடியில் குறிப்பேடு. நான் மூலையில், இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு கோப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். ஏழு மாத வயிறு. குனியவும் முடியாது, நிமிரவும் முடியாது, அந்த வயிற்றோடு என்னைப் பார்க்காமல் இருக்க யாராலும் முடியாது. ஓர் இல்லத்தின் மேற்பார்வையாளர் தொலைபேசியில் சொன்னதை நீங்கள் அவரிடம் சொன்னீர்கள். நன்கொடை விழாவுக்காக வந்த பெட்டிகளைப் பின்வாசல் மறைய அடுக்கி வைத்திருக்கிறார்கள், ஆபத்து, எடுத்துவிடலாமா என்று கேட்கிறார். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "விழா முடியற வரைக்கும் அங்கயே இருக்கட்டும். போட்டோவுக்கு நல்லாருக்கும். இத எழுத வேணாம்." நீங்கள் எழுதிவிட்டேன் என்றீர்கள். "அப்ப அந்தப் பக்கத்தக் கிழிச்சுக் குடுங்க."

கிழித்துக் கொடுத்தீர்கள். அதற்காக உங்களை நீங்கள் கடைசிவரை மன்னிக்கவே இல்லை.

விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது அந்த இல்லத்தின் சமையலறையில் தீப்பிடித்தது. எல்லாரையும் முன்வாசல் வழியாக வெளியே கொண்டுவந்தார்கள், பின்னறையில் படுத்திருந்த ஒருவரைத் தவிர. அரசாங்கம் விசாரணைக் குழு வைத்தது. மேற்பார்வையாளர், பெட்டிகள் அங்கேயே இருக்கட்டும் என்று செயலாளர் சொன்னார் என்றார். செயலாளர், அது தலைவர் சொன்னது என்றார். தலைவர், என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்றார்.

உங்கள் முறை வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில், நாம் வழக்கமாக உட்காரும் புரோட்டாக் கடையில் உங்கள் எதிரே உட்கார்ந்து நான் கேட்டதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. "லாத்தா, என் பேர மட்டும் சொல்லிடாதீங்க. இவருக்கு முதுகுல அடிபட்டு வேலைக்குப் போகல. இந்த நேரத்துல அந்த ஆள் என்னய வேலைய விட்டுத் தூக்கிட்டா நாங்க என்ன பண்ணுவோம்?" நீங்கள் தேநீரைக் கீழே வைத்தீர்கள். "கேட்டா என்ன சொல்றது புள்ள? பொய் சொல்லச் சொல்றியா?" எனக்கு அழுகை வந்தது. நீங்கள் தட்டை என் பக்கம் தள்ளினீர்கள். "சரி சரி, மொதல்ல சாப்பிடு. வயித்துல புள்ள இருக்கு."

நீங்கள் சாட்சி சொன்னீர்கள். நான் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தேன். குழுவிடமிருந்து எனக்கு அழைப்பு வரவே இல்லை. அடுத்த ஞாயிறு அதே மேசையில், "அன்னிக்கு யாரு இருந்தான்னு கேட்டாங்களா லாத்தா?" என்று மெதுவாக இழுத்தேன். "அதெல்லாம் யாரு கேட்டா. நீ சாப்பிடு" என்றீர்கள். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். கேட்கவில்லை, அதனால் நீங்கள் சொல்லவில்லை, அதனால் நான் எதையும் மறைக்கவில்லை. எவ்வளவு சௌகரியமான கணக்கு!

அறிக்கை வந்தது. தலைவர் அந்த உத்தரவைக் கொடுத்தார் என்பதற்குச் செயலாளரின் வார்த்தையைத் தவிர வேறு ஆதாரம் இல்லை, செயலாளர் தம் போக்கில் சொல்லியிருக்கவும் கூடும் என்று அதில் இருந்தது. தலைவர் உடல்நிலையைக் காரணம் சொல்லி மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். உங்களை ஆங் மோ கியோ கிளையின் சாமான் அறைக்கு மாற்றினார்கள். போர்வைகளையும் தலையணை உறைகளையும் எண்ணிக்கொண்டு மீதி வருடங்களை அங்கேயே கழித்தீர்கள். அங்கே உங்களிடம் குறிப்பு எடுக்கச் சொல்ல யாருமில்லை. ஆனாலும் பென்சில்களைச் சீவிக்கொண்டுதான் இருந்தீர்கள், நான் பார்க்க வரும்போதெல்லாம் கவனித்திருக்கிறேன்.

இவ்வளவையும்கூட நான் எப்படியோ தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது வேறொன்று. என் மகன் நடக்கத் தொடங்கியிருந்த சமயம், பஃபலோ ரோட்டில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தோம். ஒரு பெண் வந்து உங்கள் முன்னால் நின்றாள். தீயில் போனவரின் மகள். அவள் சத்தம் போடவில்லை. "நீங்க அன்னிக்குப் பெட்டிய எடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்கப்பா இருந்திருப்பாரு" என்றாள். கடைக்காரர் தராசைப் பிடித்தபடி நின்றுவிட்டார். நீங்கள், "நான் சொல்லல, அவர் சொன்னாரு" என்று ஆரம்பிக்கவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "மன்னிச்சிடுங்கம்மா" என்றீர்கள். நான் ஒரு கையில் மகனையும் மறு கையில் கீரைக்கட்டையும் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். வாய் இருந்தது. திறக்கவில்லை.

வாசிப்பறையில் உங்கள் சாட்சியம் மட்டும் அறுபது பக்கத்துக்கு மேல் இருந்தது. எல்லாம் ஆங்கிலம். ஆனால் என் காதில் அது உங்கள் தமிழில்தான் விழுந்தது. எந்தக் கேள்விக்கும் நீங்கள் சுற்றி வளைக்கவில்லை. பக்கத்தைக் கிழித்தது தப்பு என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். பாதியைத் தாண்டிய பிறகு அது வந்தது.

அந்த நேரத்தில் அறையில் யார் யார் இருந்தார்கள்?

தலைவரும் நானும். மக்சிக் ஒன்பதே காலுக்குத் தேநீர் கொண்டுவந்தார், ஒன்பது இருபதுக்குக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வேறு யாரும்?

இல்லை.

இது உங்களுக்கே முக்கியமான விஷயம். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். அந்தப் பேச்சைக் கேட்ட வேறு யாராவது இருந்தார்களா?

யாரும் இல்லை. நாங்கள் இருவர் மட்டும்.

கேட்டிருக்கிறார்கள், லாத்தா. இரண்டு தடவை கேட்டிருக்கிறார்கள். உங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். மக்சிக் போன நிமிடத்தைக்கூடச் சரியாகச் சொன்ன நீங்கள், அலமாரிப் பக்கம் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற என்னை மட்டும் அறையிலிருந்து எடுத்துவிட்டீர்கள். பின்னால் தலைவரின் சாட்சியத்தையும் புரட்டினேன். அவரும் செயலாளரைத் தவிர யாரும் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார். உங்கள் இருவருக்கும் அந்தக் கோப்பில் ஒத்துப்போன ஒரே விஷயம் நான் அங்கே இல்லை என்பதுதான். சிரிப்பு வந்தது. பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். தாளில் ஈரம் படக் கூடாது என்று பக்கத்து மேசைக்காரர் கோப்பைத் தள்ளி வைத்தார்.

உங்கள் மேல் கோபமும் வந்தது, மறைக்கவில்லை. என்னைக் கேட்காமல் எனக்காக இவ்வளவு பெரிய காரியத்தை எதற்குச் செய்தீர்கள்? பிறகு ஞாபகம் வந்தது, கேட்டவளே நான்தானே.

வாசிப்பறை அதிகாரி நம் தமிழ்ப் பெண், நாற்பது வயதிருக்கும். விசாரித்தேன். "அந்தக் கோப்புல இனி ஒண்ணும் சேர்க்க முடியாது ஆன்ட்டி. நீங்க தனியா ஒரு ஸ்டேட்மெண்ட் எழுதிக் குடுங்க. அதோட பக்கத்துல வைக்க முடியுமான்னு கேட்டுப் பாக்கிறேன். பேர் போட வேணாம்னா அதுக்கும் வழி இருக்கு" என்றாள். படிவத்தை வாங்கிக்கொண்டு வீடு வந்தேன்.

நான்கு நாள் அது சாப்பாட்டு மேசையில் கிடந்தது. இந்தத் தடவை பயத்தால் அல்ல. நீங்கள் சொன்னது உண்மை என்று நான் எழுதினால், நீங்கள் பொய் சொன்னதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். உண்மையே சொல்வேன் என்று உறுதிமொழி எடுத்துவிட்டு, வாழ்நாளில் ஒரு பெயரைக்கூட விடாத மனுஷி ஒரே ஒரு பெயரை விட்டார் என்று எழுத வேண்டும். தொழுகை தவறாத உங்களுக்கு அந்த இரண்டு பதில்களும் எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். அதை நான் ஊரறியச் செய்யலாமா? இறந்த பிறகும் உங்களை விடமாட்டேனா? மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொங்கோலில் இருக்கிறான், ஒரு பிள்ளைக்கு அப்பாவாகிவிட்டான். அவன் ஒன்றுதான் கேட்டான். "தீயில போன அங்கிளோட மகள் இன்னும் இருக்காங்களாம்மா?"

தெரியாது. இருந்தால் என் வயதுதான் இருக்கும். தன் அப்பாவின் சாவுக்கு நீங்கள்தான் காரணம் என்றே இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருப்பாள். அந்தக் கேள்வியோடு மேசைக்குப் போய் உட்கார்ந்தேன்.

உங்களைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பீர்கள், தட்டையும் என் பக்கம் தள்ளியிருப்பீர்கள். ஆனால் எங்கள் அடுக்குமாடி புளோக் குடியிருப்பாளர் கூட்டத்துக்கு நான்தான் குறிப்பு எழுதுகிறேன், தெரியுமா? நாற்காலி எடுத்துப் போடுகிற பங்களாதேஷ் தம்பி பெயர் வரைக்கும் எழுதுவேன். எல்லாரும் கிண்டல் செய்கிறார்கள். நீங்கள் கொடுத்த பழக்கம் அது, அதை உங்கள் விஷயத்தில் மட்டும் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

இன்று காலை, அங்கேயே உட்கார்ந்து எழுத, படிவத்தைக் கொண்டுபோனேன். பென்சிலில் எழுதினால் ஏற்க மாட்டார்களாம். வாசலில் வாங்கி வைத்த பேனாவை அந்தப் பெண்ணே திருப்பிக் கொடுத்தாள். பெயர் போட வேண்டுமா என்று மறுபடியும் கேட்டாள். போட வேண்டும் என்றேன். நீங்கள் எழுதுகிற மாதிரியே ஆரம்பித்தேன், லாத்தா. அறையில் இருந்தவர்கள்: தலைவர். செயலாளர். தேநீர் கொண்டுவந்த மக்சிக், ஒன்பது இருபது வரை.

நான்காவதாக என் பெயர், ஆரம்பத்திலிருந்து கடைசிவரை.