ஞானமா நடந்துக்கோ

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் சபைக் கட்டிடத்து லிஃப்ட் இன்றும், ஆராதனை நடக்கும் மூன்றாம் மாடியில் நான்கு விரல் தாண்டிப் போய் நின்றது. மொட்டை மாடி மெஷின் ரூமில் ஏறிப் பார்த்தேன். ஆறு மில்லி தடிமன் இருக்க வேண்டிய பிரேக் லைனிங், சக்கரத்தை உரசிப் பிடிக்கிற பட்டை, ஒரு பக்கம் இரண்டுகூட இல்லை. எனக்குச் சோறு போடுவதே லிஃப்ட் வேலைதான். இது ஊகமில்லை, அளந்தது.

அப்பாவிடம் "பிரேக் போச்சு, நிறுத்துங்க" என்றேன். அவர்தான் சபையின் மூப்பர், கட்டிடப் பொறுப்பும் அவருடையது. மூன்று வருடம் வீடு வீடாக அலைந்து அந்த லிஃப்டைக் கொண்டுவந்தவர். கமிட்டியில் வைப்போம் என்றார். நான் அளவெல்லாம் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் புரியவா போகிறது.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து கமிட்டி. லிஃப்டை நிறுத்துவதா வேண்டாமா என்று கை தூக்குகிறார்கள். கை தூக்கினால் லைனிங் தடித்துவிடுமா? கேட்டேவிட்டேன். கூடவே, உங்களில் ஒருத்தருக்காவது பிரேக்குக்கும் பெல்ட்டுக்கும் வித்தியாசம் தெரியுமா என்றும் கேட்டேன். போதகர் தரையைப் பார்த்தார். ஏழு பேர் 'ஓடட்டும்', ஒருவர் 'ஜெபிப்போம்'.

வாசலில் அப்பா என் முழங்கையைப் பிடித்தார். "நீ சொல்றது சரியாவே இருக்கட்டும். கொஞ்சம் ஞானமா நடந்துக்கோ."

ஞானம்! எங்கள் சபையில் அதற்கு 'வாயை மூடு' என்று அர்த்தம். வயர் திறந்து கிடக்கிறது என்று சொன்னவனுக்கு ஞானம் போதாது. பாட்டில் சுருதி சேரவில்லை என்றவனுக்கும் போதாது. எல்லாம் தெரிந்தும் பல்லைக் காட்டிக்கொண்டு டீ குடிப்பவர் மகா ஞானி.

மார்ச் 10, திங்கள்

வேதத்தை எடுத்துப் பார்த்தேன். வரிசை தெளிவாகவே இருக்கிறது. மேலிருந்து வரும் ஞானத்துக்கு முதல் அடையாளம் தூய்மை. கலப்படம் கூடாது. சமாதானம் இரண்டாவது. முதல் வேலையை முடிக்காமல் இரண்டாவதைத் தொடங்கினால் எங்கள் கம்பெனியில் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். மூடி வைத்துவிட்டேன். இது போதும் எனக்கு.

மார்ச் 12, புதன்

லைனிங் ஆர்டர் போட்டாயிற்று. வர இரண்டு வாரம்.

மார்ச் 14, வெள்ளி

இனி யாரையும் கேட்பதாக இல்லை. மெஷின் ரூமில் மெயின் ஸ்விட்சை அணைத்தேன். கீழே லிஃப்ட் கதவில் பெரிய எழுத்தில் ஒரு நோட்டீஸ்:

'அளந்து சொன்னதைக் கை தூக்கித் தள்ளுகிற கமிட்டி இருக்கும் இடத்தில் ஞானத்தைத் தேடாதீர்கள். கண்ணிருந்தும் குருடர்களுக்கு எதைச் சொல்லியும் பயனில்லை.'

மூன்று தடவை படித்துப் பார்த்தேன். கச்சிதம்.

மார்ச் 16, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதிவிட வேண்டும்.

அக்காவுக்கு எட்டாம் மாதம். ஆராதனைக்குத் தாமதமாக வந்தாள். லிஃப்டில் விளக்கு எரிந்திருக்கிறது, நோட்டீஸ் இல்லை. சரிசெய்துவிட்டார்கள் என்று தனியாக ஏறிவிட்டாள். ஒற்றை ஆள் ஏறினால் கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர்எடைதான் கனம், பிரேக் பிடிக்காவிட்டால் மேலேதான் இழுக்கும். மூன்றாம் மாடியில் நிற்கவில்லை. எதிர்எடை குழியிலுள்ள ஸ்பிரிங்கில் போய் மோதிய பிறகுதான் நின்றது. சத்தம் ஆராதனைக்குள் கேட்டது. நான் ஓடினேன். என் பின்னால் அப்பா.

உள்ளே இருந்து அவள் குரல்: "டேய், மேல போகணும்னுதான் ஜெபம் பண்ணேன். இவ்வளவு மேல கேக்கலடா." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

மெஷின் ரூமிலிருந்து கையால் இறக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிரேக் நெம்புகோலைப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தைச் சுற்ற. அப்பா பிடித்தார். நான் சுற்றினேன். "பிடிங்க. விடுங்க. விடுங்கன்னா விடணும்." பெற்ற தகப்பனை இப்படி அதட்டியதில்லை. அவர் மறுவார்த்தை பேசவில்லை. சட்டையெல்லாம் கிரீஸ்.

கதவைத் திறந்து அவளை நாற்காலியில் உட்கார வைத்ததும் என் வாய் திறந்துகொண்டது. நோட்டீஸை எடுத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டது யார்? அப்பா "நான்தான்" என்றார். சபை மொத்தமும் நிற்கிறது. 'இப்ப கை தூக்குங்க, எண்ணிப் பாக்கலாம்' என்று கத்தினேன். அப்பா படியில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். "அவரு ஏன் போட்டாருன்னு கேட்டியா? நீ கோவத்துல நிறுத்தி வெச்சிருக்கேன்னு நெனச்சிருப்பாரு. அந்த நோட்டீஸ நானும் வெள்ளிக்கிழமை படிச்சேன்டா. அதுல லிஃப்டப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. எங்களப் பத்திதான் இருந்துச்சு."

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். குழந்தை நன்றாக இருக்கிறது.

மார்ச் 17, திங்கள்

அந்த நோட்டீஸில் லிஃப்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இன்று முழுக்க வேலையிடத்தில் ஒவ்வொரு எச்சரிக்கைப் பலகையாகப் படித்தேன். என்ன பழுது, என்ன செய்யாதே, யாரைக் கூப்பிடு. எந்தப் பலகையும் படிப்பவனைத் திட்டவில்லை. தொழில் தெரிந்த நான் எழுதிய லட்சணம் அது.

நான் சொன்னது சரிதானே? சரிதான். அதுதான் எரிகிறது.

மறுபடி வேதத்தைத் திறந்தேன். அன்று மூடிய இடத்துக்குப் பிறகும் பட்டியல் போகிறது. சாந்தம், இணங்குதல், இரக்கம். அதற்குச் சற்று மேலேயே, மனதில் கசப்பை வைத்துக்கொண்டு பெருமை பேசுகிறவனுக்குக் கன்னத்தில் ஒரு அறை இருக்கிறது. அதையும் தாண்டித்தான் அன்றைக்கு வந்திருக்கிறேன்.

அவர்கள் இரண்டாவதான சமாதானத்தில் தொடங்கினார்கள். நான் முதலாவதான தூய்மையோடு நிறுத்திக்கொண்டேன். இரண்டு தரப்புமாகச் சேர்ந்து அக்காவை ஏற்றிவிட்டோம்.

அவர்கள் மேல் இருந்த கோபமும் போகவில்லை. பொய்யாக எழுத மாட்டேன்.

மார்ச் 20, வியாழன்

சாப்பாட்டு மேசையில் அப்பாவுக்கும் எனக்கும் நடுவே உப்பு டப்பா மட்டும் போய் வருகிறது.

மார்ச் 22, சனி

புது நோட்டீஸ் எழுதினேன். பிரேக் லைனிங் தேய்ந்த அளவு, இருக்க வேண்டிய அளவு, சரியாகும் வரை ஆராதனை தரைத்தளத்தில், கேள்வி இருந்தால் என்னிடம். கடைசி வரி: 'இதை நான் முன்பே எச்சரித்திருந்தேன்.'

ஒட்டுவதற்கு முன் அப்பா முன்னால் வைத்தேன். சுலபமாக இல்லை. கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தார். பேனாவால் கடைசி வரியை அடித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"அது உண்மைதானேப்பா."

"உண்மைதான். அது என் கணக்கு. நான் எழுதுறேன்."

அடித்த வரிக்குக் கீழே எழுதினார்: 'சென்ற ஞாயிறு ஸ்விட்சைப் போட்டவன் நான். மகன் சொன்னதைக் கேட்கவில்லை.' கையெழுத்தும் போட்டார்.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு போய் லிஃப்ட் கதவில் ஒட்டினேன். நாலு மூலைக்கு நாலு டேப் போதும், எட்டு ஒட்டினேன். ஞானமில்லை, வேறென்ன.

மார்ச் 26, புதன்

லைனிங் வந்தது. நான் மாட்ட, அப்பா டார்ச் பிடித்தார். வெளிச்சத்தை வேண்டிய இடத்தைத் தவிர எல்லா இடத்திலும் அடிக்கிறார். பிரேக் ஸ்பிரிங்கில் ஏன் இரண்டு நட்டு என்று கேட்டார். முதல் நட்டு தளராமல் இரண்டாவது பிடித்துக்கொள்ளும் என்றேன். ஒன்றையே இன்னும் முறுக்கினால் போதாதா என்றார். போதாது, அதிர்வில் கழன்றுவிடும் என்றேன். டார்ச்சை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, மறுபடி, ஏன் இரண்டு என்றார்.

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, அவர் விரலை முதல் நட்டின் மேல் வைத்து, மூன்றாம் முறையும் சொன்னேன்.