கேஸ் போட்டவர்கள்

உ
பொன்காளியம்மன் துணை

இராசிபுரம்
4.8.1979

மாப்பிள்ளை வேலுமணிக்கு அர்த்தநாரி எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் சுகம். உன் சுகமும் சௌந்திரத்தின் சுகமும் அறிய ஆவல்.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் உனக்கு வேலை கிடைத்ததை டீக்கடையில் கந்தப்பன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒற்றை ஆளாக எட்டு மெஷின் பார்க்க மாட்டோம் என்றதற்கு மில்லில் நம் இருவரையும் ஒரே நாளில் வெளியே அனுப்பினார்கள். ஒரே வக்கீலை வைத்துத்தான் கேஸ் போட்டோம். நான் ஏறி இறங்காத மில் பாக்கியில்லை. பெயரைச் சொன்னதுமே, "கேஸ் போட்ட ஆளுங்களா? சொல்லி அனுப்பறோம், போங்க" என்கிறார்கள்.

உனக்கு மட்டும் எப்படிக் கதவு திறந்தது? கேஸ் விஷயத்தை மறைத்திருப்பாய். இருக்கட்டும். எனக்குச் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டதையாவது மறந்துவிடாதே.

உன் மச்சான்
அர்த்தநாரி

நாமக்கல்
11.8.1979

அன்புள்ள மச்சானுக்கு வேலுமணியின் வணக்கம்.

சேர்ந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. நிலைக்குமா என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வெல்டிங் வெளிச்சம் பட்டுக் கண் உறுத்துகிறது. சௌந்திரம் வெள்ளரிக்காயை அரிந்து கண்மேல் வைத்துவிடுகிறாள்.

முதலாளி மருதாசலம் கறாரானவர், ஆனால் நல்லவர். உங்களைப் பற்றிப் பேச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். செப்டம்பர் பதினேழாம் தேதி கோயம்புத்தூர் கோர்ட்டுக்குக் கட்டாயம் வருவேன். அக்காவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

அன்புடன்
வேலுமணி

உ
பொன்காளியம்மன் துணை

இராசிபுரம்
29.8.1979

மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்தது. நேரம் பார்க்கிறாயாம். நீ என்ன ஜோசியனா?

ஞாயிற்றுக்கிழமை நீயும் சௌந்திரமும் இங்கே நெய் வாங்கிக்கொண்டு பஸ் ஏறியதை என் வீட்டுக்காரி பழனியம்மாள் பார்த்திருக்கிறாள். வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து, "அவரு போட்டிருந்த சட்டையப் பாக்கோணுமே. அவருக்குக் கெடைக்குற வேல உங்களுக்கு ஏனுங்க கெடைக்கறதில்ல?" என்று ஒரே நச்சரிப்பு.

ஒளிப்பானேன், எனக்கு வயிறு எரிகிறது. ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாமல் மில்லுக்கு வந்தவன் நீ. வேலையில் என் கால் தூசிக்கு வருவாயா? நீ மணக்க மணக்க நெய் வாங்குகிறாய், நான் வாசல் வாசலாக நிற்கிறேன். எத்தனை நாளைக்கு இந்த வாழ்வு என்று பார்த்துவிடுவோம்.

அர்த்தநாரி

நாமக்கல்
10.9.1979

திரு. அர்த்தநாரி அவர்களுக்கு,

போன வாரம் முதலாளிக்கு ஒரு மொட்டைக் கடிதாசி வந்தது. வேலுமணி பழைய மில் மேல் கேஸ் போட்டவன், நாளைக்கு உங்கள் மேலும் போடுவான் என்று எழுதியிருந்தது. கையெழுத்தை இடது கையால் மாற்றியிருந்தீர்கள். ஆனால் மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழ் பொன்காளியம்மன் துணை. சாமி பேரைப் போடாமல் மளிகைச் சீட்டுக்கூட எழுதாத ஆள் நீங்கள்.

முதலாளி சிரித்துவிட்டார். "கேஸ் போட்டத நீ சேரற அன்னிக்கே சொல்லீட்டியே. இந்தாளுக்கு அது தெரியாதாட்ட இருக்குது. யாரு எழுதுனது?" என்றார்.

"தெரியலைங்க" என்றேன்.

அதற்கு முதல் நாள்தான் உங்களைச் சேர்த்துக்கொள்ள அவர் சம்மதித்திருந்தார். அந்த இடம் இன்னும் உங்களுக்காகவே இருக்கிறது. மனு எழுதி அவருக்கே அனுப்புங்கள். சாமி பேர் வேண்டாம். அந்தக் கடிதாசி அவர் மேசையில்தான் கிடக்கிறது.

பதினேழாம் தேதி கோர்ட்டுக்கு வருவேன். மில்லில் நடந்ததை நடந்தபடி உங்களுக்காகச் சொல்வேன். கூண்டிலிருந்து இறங்கியதும் டீ குடிக்க மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள்.

வேலுமணி