என் படம் போட்ட பாக்கெட்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். காளானுக்கு ஈரம் வேண்டி நனைத்துப் போட்ட சாக்கு உடனே காய்கிறது. மறுபடி நனைத்தேன்.

ரெய்ஷி காளான் தொப்பி விரித்துவிட்டது. கரும்புச் சக்கை, கடலைத்தோல், மரத்தூள் கலந்த பைகளில்தான் நல்ல விளைச்சல். ஜூஸ் கடைக்காரர் குப்பையில் கொட்டும் சக்கை! காளான் செம்பழுப்பு நிறம், ஓரம் மட்டும் வெள்ளை, வார்னிஷ் அடித்த மாதிரி பளபளப்பு. சில பைகளில் பச்சைப் பூஞ்சணம். தூரப் புதைத்தாயிற்று.

தறிக் கொட்டகை சும்மா கிடந்தது. புற்றுநோய் வைத்தியம் முடிந்து நானும் சும்மா கிடந்தேன். இரண்டுக்கும் இப்போது வேலை.

கே.ஜி.கண்டிகை பஸ்ஸில் ஓர் அம்மாள் என் தலையைப் பார்த்து: "மலையில முடி குட்த்தியாம்மா?"

"இல்லம்மா. ஆஸ்பத்திரில குட்த்தேன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு.

நாளை பாவா, அதாவது அக்கா வீட்டுக்காரர், சென்னை வியாபாரியை அழைத்து வருகிறார். கொட்டகை பெருக்கணும். பால். சர்க்கரை.

ஜூலை 9, புதன்

வியாபாரி செருப்போடு கொட்டகைக்குள் நுழைந்தார். கழற்றச் சொன்னேன். முகம் சுருங்கியது.

எல்லாக் காளானையும் எடுத்துக்கொள்வாராம். பொடியாக்கிப் பாக்கெட் போடுவாராம். கூடவே:

"உங்க கதைதாம்மா சரக்கு. ஊசி மருந்து இல்லாம, இத்த சாப்ட்டே குணமாச்சுன்னு ஒரு வரி. பக்கத்துல உங்க படம். போதும்."

"நான் ஆபரேசன் பண்ணிக்கினேன். ஊசி போட்டுக்கினேன். இத்த ஒரு ஸ்பூன் கூட சாப்பிடலியே."

"அது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

பாவா பல்லைக் கடித்தார். "லோகு, வந்த வியாபாரத்த தொரத்தாத."

"காளான எட்த்துக்கினு போகட்டும் பாவா. எங்கதைய உடச் சொல்லுங்க."

எடுக்காமலே போனார்கள். டீ ஆறிக் கிடந்தது. ஒரு மார்பை ஆஸ்பத்திரியில் விட்டு வந்தவள் நான். அதற்கு விலை பேச இவன் யார்?

ஜூலை 17, வியாழன்

தூறல். துணி காயவில்லை.

பள்ளிப்பட்டிலிருந்து ஒரு பெண் போன். மலையடிவாரக் கடைக்காரர் நம்பர் கொடுத்தாராம்.

"அக்கா, பாக்கெட்ல உங்க படம் பார்த்தேன். எங்க வூட்டுக்காரருக்குத் தொண்டைல புற்று. இதே போதும், ஊசிக்கு வரமாட்டேன்னு சொல்லிகினு கீறாரு. நீங்க எத்தினி நாள் சாப்ட்டீங்க?"

என் காளானைத் தொடாமலே, வேறெதையோ பொடித்து, போட்டே விட்டார்கள்.

"ஒரு நாளும் சாப்பிடலம்மா. அது பொய்."

அந்தப் பக்கம் அழுகை. "போன்ல சொன்னா நம்பமாட்டாருக்கா."

"வூடு எங்கன்னு சொல்லு. வரேன்."

ஜூலை 18, வெள்ளி

பள்ளிப்பட்டு. அந்த மனிதர் தறியோரம் படுத்திருந்தார். சாமி படத்துக்குப் பக்கத்தில் என் படம் போட்ட பாக்கெட். அக்கா மகள் மஞ்சள் நீராட்டில் எடுத்த படம். பட்டுப்புடவை, நீளச் சடை. பாவா கொடுக்காமல் வேறு யார்?

பாக்கெட்டை என் முகத்தோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினேன். "இது நோய் வர்றதுக்கு முன்ன எட்த்ததுங்க. இப்ப கீறது இந்தத் தலை."

ஊசி ஏறி நரம்பு கறுத்த என் கையை வெகுநேரம் பார்த்தார். "வலிக்குமா?"

"ஆங். வலிக்கும். வாந்தி வரும். நானும் வேணாம்னு அழுதேன். அப்புறம் போனேன்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். "திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் ஸ்டாண்ட்ல நிப்பேன்" என்று அவர் முதுகிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

கிருத்திகை. அடிவாரத்தில் காவடிக் கூட்டம். கடையில் பாக்கெட் சரம் சரமாகத் தொங்குகிறது. எல்லாவற்றிலும் நான் சிரிக்கிறேன். உள்ளே பாவா.

ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.

"லோகு! மானத்த வாங்காத!"

"எம்மானம்தான் பாவா இங்க தொங்கிகினு கீது."

கூட்டம் கூடியது. நல்லதாயிற்று. தலைத்துணியை அவிழ்த்துவிட்டு உரக்கச் சொன்னேன். எந்த ஆஸ்பத்திரி, எந்த வைத்தியம், எல்லாம். வாங்கினவர்கள் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்ததும் கடைக்காரரே மிச்சச் சரத்தை அறுத்துக் கீழே போட்டார்.

அக்கா போன்: "இனிமே எங்க வூட்டு வாசப்படி மிதிக்காத." வைத்துவிட்டாள். இது வலிக்கிறது. ஆனால் மறுபடி தொங்கவிட்டாலும் பிடுங்குவேன்.

அரக்கோணத்தில் வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் முழுக்கக் கேட்டார். "வேற எந்தக் கடைல கீது?" செருப்பைக்கூடக் கழற்றாமல் கிளம்பினார்.

ஜூலை 21, திங்கள்

பள்ளிப்பட்டுக்காரர் வந்தார்! வெள்ளை வேட்டி, கையில் ஸ்கேன் கவர். மனைவி பின்னாலேயே. மூன்று பேரும் பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிட்டதும் என்னைப் பார்த்தார். "போங்க" என்றேன். போனார். ஊசி மருந்து பாட்டில் ஏற்றியாயிற்று.

காளானுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. ஆனாலும் நாளை அறுவடை. நானே விற்பேன். பாக்கெட்டில் என்ன எழுதுவது என்று வீட்டுக்காரர் கேட்டார். எழுதிப் பார்த்தேன்:

ரெய்ஷி காளான். கரும்புச் சக்கையில் விளைந்தது.
டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது வரி பெரிய எழுத்தில்.