வடக்கே இரண்டு இரவுகள்

சம்புரு,
ஜூன் கடைசி.

அன்புள்ள தம்பி லெமாயனுக்கு,

அக்கா நைசூலா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். பெரிய ஒட்டகம் கன்று போட்டிருக்கிறது, டீக்குப் பால் தாராளம். போனில் நான் வேலை பார்க்கும் நம் ஊர்க் காப்புக்காட்டின் பேரை எடுத்ததும் நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தையாவது கடைசிவரை படி.

உன் சுற்றுலா அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண் ந்யாம்புரா, இந்தப் பக்கத்துச் சாலை எப்படி என்று கேட்டுப் போனில் பேசினாள். ஆகஸ்டில் வரும் ஜெர்மன்காரர்களுக்கு நீ முடிவு செய்திருக்கும் இடங்களை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அம்போசெலி, நகுரு ஏரி, மாரா. நம் காடு இல்லை. "காட்டுல நடக்கணும், அங்க வாழுற சனங்களோட பேசணும்னுதான் அவங்க கேட்டிருக்காங்க அக்கா. உங்க ஊரச் சொன்னேன். ஆபத்துன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாரு" என்றாள்.

போன வாரம் பெரியவர்கள் கூடினார்கள். விருந்தாளிகளும் அவர்கள் காசும் வராததால், விலங்குகளுக்கென்று நாம் மாடு விடாமல் ஒதுக்கி வைத்த புல்வெளியைத் திறந்துவிடலாமா என்று பேச்சு. லெக்குப்பே பெரியவர் என்னைப் பார்த்து, "உன் தம்பியே ஆள அனுப்பல. அவனே ஒதுக்குற இடத்துக்கு ஊரான் எவன் வருவான்? மாட்ட உள்ள விடும்மா" என்றார். "இந்த ஆகஸ்ட் வரைக்கும் பொறுங்க. விருந்தாளி வரலேன்னா நானே திறந்து விடுறேன்" என்றேன். "நீ சொன்னா செஞ்சிருவ. அப்புறம் காடு போயிருமேன்னுதான் எனக்கு பயம்" என்று மூக்குப்பொடியை உறிஞ்சினார். திறந்துவிட்டால் காவலர்களுக்கு வேலை போகும். எனக்கும்தான். காடும் அதன் பிறகு ஒரு கோடை தாங்காது.

ஆகவே நான் சொல்வதைத் தொழில்காரனாகவே யோசி. மாராவை எடுக்கச் சொல்ல மாட்டேன். காட்டு விலங்குகள் மந்தை மந்தையாக ஆறு தாண்டுவதைப் பார்க்கத்தானே கடல் தாண்டி வருகிறார்கள். நகுருவும் இருக்கட்டும், அவர்கள் காண்டாமிருகம் பார்க்க வேண்டும். அம்போசெலியை விடு. அது தெற்கே தனியாகக் கிடக்கிறது, போய்விட்டு மறுபடி நைரோபிக்கே திரும்ப வேண்டும். அந்த இரண்டு இரவுகளை எங்களுக்குக் கொடு. முதலில் வடக்கே வந்து, நகுரு வழியாக மாராவுக்கு இறங்கினால் வண்டிக்கும் அலைச்சல் குறைவு. மெல்லிய கோடு போட்ட நம் வரிக்குதிரையை அவர்கள் தெற்கே எங்கும் பார்க்க முடியாது. யானையை இங்கே நடந்தே காட்டுவேன், காற்று பார்த்து, தூரம் விட்டு.

யானை என்று எழுதியதும் உன் முகம் எப்படி மாறியிருக்கும் என்று தெரியும். அன்று கிணற்றடியில் நானும் இருந்தேன். வறட்சியில் இருந்தது ஒரே கிணறு. அம்மா தண்ணீர்க் குடத்தோடு நிமிர்ந்தபோது ஒரு பக்கம் தாய் யானை, மறுபக்கம் அதன் குட்டி. நான் கத்தியது அம்மாவுக்குக் கேட்பதற்குள் முடிந்துவிட்டது. சுட வந்தவர்கள் அம்மாவைக் கொன்ற யானை எது என்று காட்டச் சொன்னார்கள். நான் காட்டவில்லை. "பெத்தவள விட உனக்கு யானை பெருசா போச்சா" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டு, அப்படியே வண்டியேறிப் போனாய். இன்றும் கேட்டால் காட்ட மாட்டேன். குட்டி பால் மறக்காத குட்டி. அந்தத் தாயைக் கொன்றிருந்தாலும் அடுத்த வறட்சியில் வேறொரு தாய் அதே கிணற்றுக்கு வந்திருக்கும், வேறொருவனின் அம்மா அங்கே குனிந்திருப்பாள்.

அதனால் கிணற்றை மாற்றினேன். ஆற்றுமணலில் மேலே தள்ளி யானைகளுக்கென்று தனிக் குட்டை வெட்டினோம். நம் கிணற்றைச் சுற்றிக் கல் அடுக்கி முள் போட்டிருக்கிறோம். கல் சுமந்தவர்கள் முக்கால்வாசி பெண்கள்தான். அதற்குப் பிறகு யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நீ ஆபத்து என்று சொல்கிற இடத்துக்கு என் மகளைத் தினமும் தண்ணீருக்கு அனுப்புகிறேன்.

ஜெர்மன்காரர்களை நான் பார்த்துக்கொள்வேன். வண்டியில் ஓர் இருக்கையை மட்டும் காலியாக வைத்து, நீயும் ஏறி வா. கிணற்றுக்குப் போகும் வழியில்தான் அம்மாவைப் புதைத்த இடம் இருக்கிறது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் மரியாதைக்கு ஆளுக்கொரு கல் வைத்துக் குவியல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. அதன் உச்சியில் உன் கல்லுக்கென்று ஓரிடம் விட்டிருக்கிறேன். யார் கை வைத்தாலும் திட்டி விரட்டுகிறேன்.

நம் சாமி ங்காய் உன் பாதையை ஈரமாக்கட்டும். வழியில் ஆற்றங்கரையில் நிறுத்தி, நல்ல கல்லாக நீயே பொறுக்கிக்கொண்டு வா.

உன்னை எதிர்பார்க்கும்
அக்கா நைசூலா