இடது பக்க ஸ்டியரிங்

பிப்ரவரி 11, செவ்வாய்

காலை முழுக்க ஆஸ்பத்திரி லேபில் திசு ஸ்லைடுகள். ஒரு குடல், இரண்டு மார்பு, ஒரு தைராய்டு. மதியம் மைக்ராஸ்கோப் விளக்கை அணைத்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன்பே கார் ஏஜென்டுக்குப் போன் போட்டு, "அந்தப் பச்சை வண்டிய எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

வெளிநாட்டில் எட்டு வருடம் ஓடிய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. தரையோடு ஒட்டிக்கொண்டு போகிற மாதிரி தாழ்வான உடம்பு. ஜனவரியிலிருந்து அதன் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஸ்லைடுக்கும் ஸ்லைடுக்கும் நடுவில்.

"வண்டி சாருக்கா மேடம்?" என்று ஏஜென்ட் கேட்டார்.

"சார் இல்ல. எனக்குத்தான்."

"மன்னிச்சுக்கோங்க மேடம், தெரியாமக் கேட்டுட்டேன்" என்றார். என் கணவர் செத்துப்போனதாக நினைத்துவிட்டார். நானும் திருத்தவில்லை. அவர் உயிரோடுதான் இருக்கிறார், இன்னொரு ஊரில், இன்னொருத்தியோடு, ஐந்து வருடமாக. வீட்டை விற்றுப் பிரித்ததில் என் பங்கு வங்கியில் சும்மா கிடந்தது. அந்த வீட்டின் பாதி இனிமேல் நாலு சக்கரத்தில் ஓடட்டும்.

பிப்ரவரி 12, புதன்

தூங்கி எழுந்த பிறகும் வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. முன்பணம் அனுப்பிவிட்டேன், இறக்குமதிக்கான தனி அனுமதியை ஏஜென்ட் பார்த்துக்கொள்வார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மகன் கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான், தவறவே மாட்டான். மாத்திரை போட்டாயா, பிரஷர் பார்த்தாயா, மழை உண்டா — மூன்றும் கேட்டு முடித்த பிறகு காரைப் பற்றிச் சொன்னேன்.

"ரெண்டே சீட்டாம்மா?"

"ஆமா."

"அப்ப நாங்க வந்தா எங்க உக்காருவோம்?"

அவர்கள் போன வருடம் வரவில்லை. அதற்கு முந்தின வருடம் வந்து இரண்டு நாள் இருந்தார்கள். அதைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். "வாடகைக்கு ஒண்ணு எடுத்துக்கலாம்டா" என்றேன்.

"அதுக்கில்லம்மா… உனக்கு மனசு ஏதும் சரியில்லையா? யாராவது டாக்டரைப் பாக்கச் சொல்றா இவ."

"நானே டாக்டர்தானே."

"அந்த டாக்டர் இல்லம்மா."

தெரியும்டா, எந்த டாக்டர் என்று.

மார்ச் 20, வியாழன்

வண்டி கப்பலில் ஏறிவிட்டது. கப்பல் எங்கே இருக்கிறது என்று போனில் பார்க்கலாம், ஏஜென்ட் சொல்லிக்கொடுத்தார். நீலத்தில் ஒரு புள்ளி. காலையில் பார்த்தால் அதே இடம், சாயங்காலம் பார்த்தால் ஒரு நகக்கண் அளவு நகர்ந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் விளக்குப் போடுவேன், பிறகு டி.வி. போடுவேன், யாராவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்று. இப்போது விளக்குக்கும் டி.வி.க்கும் நடுவில் கப்பல். இந்த வீட்டுக்கு வரவேண்டியது என்று உலகத்தில் ஒன்றுதான் வந்துகொண்டிருக்கிறது, அதுவும் என்னைத் தெரியாமல்.

இதெல்லாம் ஒரு ஐம்பத்து மூன்று வயதுக்காரி எழுதுகிற எழுத்தா?

ஏப்ரல் 9, புதன்

வந்துவிட்டது.

துறைமுகக் கிடங்கில் கன்டெய்னரைத் திறந்தார்கள். உள்ளே இருட்டு, அதற்குள் இரண்டு கண்ணாடி விளக்குகள். நாலு பேர் பின்னாலிருந்து தள்ள, அது ஓசையே இல்லாமல் வெயிலுக்கு வந்தது. படத்தில் பார்த்த பச்சை இல்லை, அதைவிட ஆழம். பாசி பிடித்த கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் தெரியுமே, அந்தப் பச்சை.

"முன்னாடி வச்சிருந்தவர் பல் டாக்டராம் மேடம்" என்றார் ஏஜென்ட். "ரெட்டைக் குழந்தை பிறந்திருக்கு. ரெண்டு சீட்டு பத்தலன்னு வித்துட்டாரு."

ஒருத்தருக்குப் பத்தாதது இன்னொருத்தருக்கு மிச்சம்.

கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். எதிரே ஸ்டியரிங் இல்லை. ஏஜென்ட் சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். வண்டி வந்த நாட்டில் எல்லாம் இடது பக்கம் ஸ்டியரிங். எனக்குத் தெரியும், படத்திலும் பார்த்தேன், காகிதத்திலும் இருந்தது. தெரிந்துகொண்டே வந்து வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன்.

"பழகிடும் மேடம்" என்றார்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஆஸ்பத்திரி வாசலில் மானம் போயிற்று.

பார்க்கிங் சீட்டு தருகிற மெஷின் வலது பக்கம் இருக்கிறது. நான் இடது பக்கம் இருக்கிறேன். கையை நீட்டினால் பக்கத்து இருக்கை வரைக்கும்தான் போகிறது. இறங்கி, வண்டியைச் சுற்றிப் போய், சீட்டை எடுத்து, திரும்பச் சுற்றி வந்து, குனிந்து ஏறி — அதற்குள் தடைக் கம்பி உயர்ந்து திரும்ப இறங்கிவிட்டது. மறுபடியும் இறங்கினேன். பின்னால் வரிசை. ஹாரன் மேல் ஹாரன்.

கடைசியில் காவலாளி ஓடிவந்து எடுத்துக் கொடுத்தார். "தூரத்துலேருந்து பாத்தேன் டாக்டரம்மா. டிரைவர் சீட்ல ஆளே இல்ல, வண்டி தானா வருது. ஒரு நிமிஷம் கதி கலங்கிப் போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லேபுக்கு வந்து விளக்கைப் போட்டு ஸ்லைடை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, துடைக்க மறந்த சோப்பு மாதிரி.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஊருக்கு வெளியே, மலைப்பக்கச் சாலைக்கு எடுத்துக்கொண்டு போனேன். இதற்காகத்தானே வாங்கினேன்.

ஒரு செங்கல் லாரி. போக ஒரு தடம், வர ஒரு தடம். லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் எதிரே வண்டி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இடது ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்கு லாரியின் பின்புறம் மட்டும்தான் தெரிகிறது. பார்க்க வேண்டுமென்றால் பாதி வண்டி எதிர்த் தடத்துக்குப் போக வேண்டும். ஒரு தடவை போனேன். பஸ் ஒன்று என் கண்ணாடியை உரசாத குறையாகப் போயிற்று. அதற்கப்புறம் தாண்டவே இல்லை. மேடு முழுக்கச் செங்கல் தூசியைத் தின்றுகொண்டு லாரிக்குப் பின்னாலேயே ஊர்ந்தேன். மொபெட்டுகள்கூட என்னைத் தாண்டிப் போயின. இன்ஜின் உறுமியது, இவளுக்கு என்ன கேடு என்று கேட்கிற மாதிரி.

வலது இருக்கையில் ஓர் ஆள் இருந்தால் எட்டிப் பார்த்து "போ" என்று சொல்லலாம். அவ்வளவுதான் வேண்டும், ஒரே ஒரு சொல்.

யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தேன். போனில் பெயர்களை மேலிருந்து கீழ் வரைக்கும் தள்ளிப் பார்த்தேன். பால்காரர், பிளம்பர், கேஸ், லேபில் மூன்று பேர், மகன். நடுவில் 'அண்ணி' என்று ஒரு பெயர். என் முன்னாள் கணவரின் அக்கா. இதே ஊர்தான். நாங்கள் பிரிந்தபோது ஒரு வார்த்தை எனக்காகப் பேசவில்லை. நானும் அதற்கப்புறம் பேசவில்லை. பெயரை ஏன் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்?

மே 6, செவ்வாய்

வண்டியை மூடிவைத்து இரண்டு வாரமாகிறது. பஸ்ஸில் போய் வருகிறேன். ஏஜென்ட் கூப்பிட்டு, வாங்க ஓர் ஆள் இருக்கிறார் என்றார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். யோசிக்க என்ன இருக்கிறது?

மே 15, வியாழன்

விடியும்போது போன். அண்ணி.

எடுப்பதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நின்றுபோய், திரும்ப அடித்தது. எடுத்தேன்.

"தம்பிக்கு பக்கவாதம்" என்றாள். எடுத்ததும் அதுதான். "நேத்து சாயங்காலம் விழுந்துட்டானாம். இப்பதான் சொல்றாங்க. ரயில் சாயங்காலம்தான் இருக்கு. டாக்சிக்காரன் அவ்வளவு தூரம் வரமாட்டேங்கறான்." பிறகு குரல் இறங்கியது. "உன்கிட்ட கேக்கக் கூடாது. எனக்கு வேற யாரும் தோணல."

நான் ஏன் சரி என்றேன்? அவருக்காகவா? இல்லை. தோணல என்று சொன்னாளே, அந்தக் குரல்.

அவள் வீட்டு வாசலில் நின்றிருந்தாள், ஒரு பையும் கைத்தடியுமாக. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவள். மைதானத்தின் அந்த முனையில் நிற்கிற பிள்ளை இவள் சத்தத்துக்குத் திரும்பும். இப்போது முழங்கால் மாற்றி வைத்திருக்கிறார்கள். வண்டியைப் பார்த்ததும், "இது காரா, குழியா?" என்றாள். முதுகைக் காட்டி, என் தோளைப் பிடித்துக்கொண்டு, தடாலென்று உள்ளே விழுந்தாள்.

ஒரு மணி நேரம் ஓட்டினேன். மலைப்பக்கச் சாலை வந்தது. முன்னால் ஒரு டேங்கர் லாரி. நான் பின்னாலேயே ஊர்ந்தேன்.

"ஏன் போகமாட்டேங்கற?"

"எனக்குத் தெரியல அண்ணி. இந்தப் பக்கத்துலேருந்து எதிர்ல வர்றது தெரியாது."

அவள் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினாள். "பஸ் வருது. இரு… இரு… ஸ்கூட்டர். அது போகட்டும். இப்ப போ."

மிதித்தேன். முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. டேங்கர் பக்கவாட்டில் ஒரு சுவர் மாதிரி வந்து, இல்லாமல் போயிற்று. முன்னால் சாலை மட்டும். வந்ததிலிருந்து முதல் தடவையாக இந்த வண்டி எதற்காகச் செய்யப்பட்டதோ அதைச் செய்தது. எங்கே போகிறோம் என்பது மறந்து ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தேன். எழுதவே கூசுகிறது. இருந்தேன், உண்மை.

"அடுத்தது யாரு?" என்றாள் அண்ணி.

வழி முழுக்க அப்படித்தான். இரு, போ, இரு, போ.

ஆஸ்பத்திரியில் நான் இறங்கவில்லை. அண்ணியைக் கூட்டிப்போக ஒரு பெண் வெளியே வந்தாள். அவள்தான். ஐந்து வருடமாக என் தலைக்குள் ஒருத்தி இருந்தாளே, நல்ல உயரமாக, அலட்டலாக, அந்த ஆள் இல்லை இவள். குள்ளம். முடி சீவவில்லை. இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. குனிந்து கண்ணாடி வழியே என்னைப் பார்த்து, "நீங்களும் வாங்க" என்றாள். "இருக்கட்டும்" என்றேன். அந்தச் செருப்பைப் பார்த்த பிறகு சொல்ல வைத்திருந்தது எதுவும் வாயில் வரவில்லை.

வெயில் ஏற, ஒரு மரத்தடிக்கு வண்டியை மாற்றி நிறுத்தினேன். உள்ளே போயிருக்கலாம். போயிருந்தால் ரிப்போர்ட்டுகளைப் படித்துச் சொல்லியிருக்கலாம். போகவில்லை.

மே 16, வெள்ளி

நேற்று எழுத முடியாததை இன்று எழுதுகிறேன்.

அவர் உயிருக்கு ஆபத்தில்லை. வலது கையும் பேச்சும் திரும்பி வர மாதங்களாகும். திரும்பி வருகிற வழியில் அண்ணி சொன்னாள்: "நீ வெளிய இருக்கேன்னு சொன்னேன். பாத்துட்டே இருந்தான். தலைய அசைக்கக்கூட இல்ல." கொஞ்ச தூரம் போன பிறகு, "உன்னைக் கேட்டான்னு சொல்லலாமான்னு நினைச்சேன். பொய் எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றாள்.

சாலையையே பார்த்து ஓட்டினேன். கண் மறைத்தது. என்னையே திட்டிக்கொண்டேன்: ஏன்டி அழற, இதுக்குப் போயா? கேக்கலன்னா கேக்கல, இத்தனை வருஷம் கேக்காதவரு இன்னிக்குக் கேக்கணுமா? அழத்தான் வந்தது.

அண்ணி என் பக்கம் திரும்பவில்லை. "அன்னிக்கு உனக்காகப் பேசியிருந்தா தம்பி இல்லாமப் போயிடுவான்னு பயம். வாய மூடிட்டு இருந்தேன். அதுல நீ இல்லாமப் போயிட்ட" என்றாள். பிறகு உடனே தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, "வேன் வருது, இரு" என்றாள். முன்னால் தாண்டுவதற்கு ஒரு மாட்டு வண்டிகூட இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

வண்டியை விற்கவில்லை என்று ஏஜென்டிடம் சொல்லிவிட்டேன்.

அண்ணியோடு அணைக்கட்டு வரைக்கும் போனேன். போவது சுலபம், அவளை வண்டியிலிருந்து வெளியே எடுப்பதுதான் பாடு. இரண்டு கையையும் பிடித்து இழுத்தேன். எழுந்தாள், எழுந்த வேகத்தில் என் மேல் சாய்ந்தாள், இரண்டு பேரும் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டோம். கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் தண்ணீர் பாட்டில் நீட்டினார். அண்ணி அதை வாங்கிக் குடித்துவிட்டு, "இந்தப் பொண்ணு பெரிய டாக்டர், பயப்படாதீங்க" என்றாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

வீட்டுக்கு வந்தால் அதே வீடுதான். அதே விளக்கு. இன்று கொஞ்சம் அதிகமாகவே நிசப்தமாக இருந்தது. சிரித்துவிட்டு வந்த நாளில் அப்படித்தான் இருக்கும்போல.

மகன் கூப்பிட்டபோது மாத்திரை, பிரஷர், மழை. அப்பாவைப் போய்ப் பார்த்தானாம். "கார் எப்படிம்மா இருக்கு?" என்று அவனாகவே கேட்டான். சொன்னேன், நிறையவே.

ஜூலை 3, வியாழன்

நேற்று முன்தினம் காய்ச்சல் ஆரம்பித்தது. நேற்று லேபுக்கு லீவு சொல்லிவிட்டுப் படுத்தவள் எப்போது தூங்கினேன், போன் எப்போது உயிரை விட்டது, எதுவும் தெரியாது. முன்பெல்லாம் காய்ச்சல் வந்தால் ஒரே ஒரு பயம்தான் வரும். நான் செத்தால் எத்தனை நாள் கழித்துத் தெரியவரும் என்கிற பயம். இறந்த பிறகு வருகிற உடல்களின் காகிதங்களையும் லேபில் நான் பார்த்திருக்கிறேன், அதனால் அந்தக் கணக்கு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

இன்று காலை கதவை யாரோ உடைக்கிற மாதிரி தட்டினார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்தேன். அண்ணி. லிஃப்ட் வேலை செய்யவில்லை, மூன்று மாடி ஏறி வந்திருக்கிறாள், அந்த முழங்காலோடு. மூச்சு வாங்கிக்கொண்டே திட்டினாள். "ஒரு நாள் முழுக்கப் போன் எடுக்கலன்னா என்னடி நினைக்கிறது?"

பக்கத்தில் ஒருவர் இரும்புப் பெட்டியோடு நின்றிருந்தார். யாரென்று தெரியவில்லை.

"பூட்டுக்காரர்" என்றாள் அண்ணி. "நீ திறக்கலன்னா உடைக்கச் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்."

அவர் சங்கடமாகச் சிரித்தார். "நல்லதாப் போச்சும்மா, வேலை இல்லாமப் போச்சு" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்.

"போகாதீங்க" என்றேன். வாசல் சாவியைக் கொக்கியிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "இதே மாதிரி இன்னொண்ணு வெட்டிக் கொண்டாங்க. இவங்ககிட்ட இருக்கட்டும்."

அண்ணி செருப்பைக் கழற்றி உள்ளே வந்து, சமையலறை எங்கே என்று கேட்காமலே போய், அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.