பின்சீட்டில் ஏறிய புகை

மச்சான்,

இன்று காலை ஏழு மணிக்குக் காரை ஸ்டார்ட் செய்தபோது அந்தச் சத்தம் கேட்டது. டிக் டிக் என்று, கடிகாரத்தைப் போர்வைக்குள் சுற்றி வைத்தது போல. இரண்டு நிமிடத்தில் இஞ்சின் சூடானது, சத்தமும் அடங்கிவிட்டது. பழைய நானாக இருந்தால், அடங்கிவிட்டதே என்று கிளம்பியிருப்பேன். இன்று சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, என்னோடு சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டிய இரண்டு பேருக்கும் போன் செய்து வாடகை வண்டி பிடித்துக் கொடுத்தேன். "இஞ்சின் ஆறிக் கெடக்கும்போதுதாண்டா உண்மைய பேசும், சூடானா பொய் சொல்லும்" என்பாயே, அது காதிலேயே இருக்கிறது.

இதை எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. உன்னிடம் மூன்று வருடம் மறைத்த ஒன்றை இன்று சொல்லியாக வேண்டும்.

நான் திருப்பாதிரிப்புலியூரில் காபித்தூள் விற்பவன். நீ தேவனாம்பட்டினத்தில் விசைப்படகு ஓட்டியவன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு என்பதைத் தவிர நமக்குள் பொருத்தம் எதுவும் கிடையாது. உன் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, செவ்வாயும் வெள்ளியும் சிதம்பரத்துக்கு டயாலிசிஸுக்குப் போகவேண்டும் என்றார்கள். "அங்க எனக்குத் தூள் போடற வேலை இருக்கு, சும்மா ஏறிக்க" என்றேன். அங்கே எனக்கு இருந்தது இரண்டே இரண்டு கடை. அது உனக்கும் தெரியும். ஆனாலும் ஏறிக்கொண்டாய்.

செம்மங்குப்பம் பக்கம் வந்தால் நம் ஊர்க்காரன் கை தானாகவே கார்க் கண்ணாடிக்குப் போகும். அங்கே இருக்கும் கெமிக்கல் கம்பெனிகளின் நெடி. நானும் நாலு கண்ணாடியையும் ஏற்றிவிடுவேன். திரும்பி வரும்போது நீ பின்சீட்டில் சுருண்டு படுத்திருப்பாய். உனக்குக் காற்று பட்டுவிடக் கூடாது என்று சிதம்பரத்திலிருந்தே ஏற்றிய கண்ணாடியைக் கடலூர் வரை இறக்கமாட்டேன். பிள்ளை பெற்றவளைக் கூட்டிப்போவது போல உன்னைக் கூட்டிப்போவதாக எனக்கு ஒரே பெருமை.

வழியிலேயே உனக்குத் தலைவலி தொடங்கும். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் வாந்தி. எனக்கும் லேசாக வலிக்கும்தான். நான் அதைப் புதிதாகப் போட்ட மூக்குக்கண்ணாடியின் மேல் போட்டு, பாவம் அந்தக் கண்ணாடிக்கடைக்காரரிடம் போய் இரண்டு முறை சண்டை பிடித்தேன். உன் வலிக்கு எல்லோரும் சொன்ன காரணம் டயாலிசிஸ். அதில் தலை வலிப்பது உண்டு என்று ஆஸ்பத்திரியிலும் சொன்னதால் யாரும் மேலே யோசிக்கவில்லை.

ஒருநாள் வளர்மதி என்னைக் கடைக்கே தேடி வந்தாள். "அண்ணே, இனிமே போவ வாணாங்குறாரு. நீங்களாவது சொல்லுங்க" என்றாள். உன் பொண்டாட்டி அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நிறுத்தினால் நாட்களை எண்ணவேண்டியதுதான் என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். உன் வீட்டுக்கு வந்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீ கோபப்படவே இல்லை.

"மெசின்ல படுத்து எழுந்து வந்தா தல வெடிக்குது மச்சான். ரெண்டு நாளு அதுலயே போவுது. மூணாம் நாளு திரும்பவும் அங்க. இதுல நான் எப்ப உயிரோட இருக்குறது?"

கெஞ்சிக் கூத்தாடியதில், வெள்ளிக்கிழமை ஒரே ஒரு தடவை வருகிறேன், அதோடு சரி என்றாய்.

அந்த வெள்ளிக்கிழமை நம் இருவரையும் காப்பாற்றியது யாரோ முகம் தெரியாத ஒரு நோயாளி. அவசரமாக வந்த அவருக்கு உன் மெஷினைக் கொடுத்துவிட்டு, நாளை காலை வாருங்கள் என்று உன்னை அனுப்பிவிட்டார்கள். நீ பின்சீட்டில் படுத்தாய், நான் வழக்கம் போலக் கண்ணாடிகளை ஏற்றினேன். ஆலப்பாக்கத்துக்கு முன்பே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி வாந்தி எடுத்தாய். மைல்கல்லில் உட்கார்ந்து வாய் கொப்பளித்தவன், தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாய்.

"மச்சான், இன்னிக்குதான் ஊசியே குத்தலியே. அப்பறம் ஏன் தல வலிக்குது?"

"செம்மங்குப்பத்து நாத்தம்டா" என்றேன், பெரிய ஞானி மாதிரி.

"செம்மங்குப்பம் இன்னும் வரவேயில்லியேடா."

அப்படியே குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாய். படகு இஞ்சினோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவன் நீ. "எல்லாக் கண்ணாடியையும் எறக்கு" என்றாய். செம்மங்குப்பத்தைக்கூடத் திறந்த கண்ணாடியோடுதான் கடந்தோம். முதுநகர் வந்தபோது நீயாக எழுந்து உட்கார்ந்து டீ கேட்டாய். மறுநாள் வாடகை வண்டியில் போய், நாலு மணி நேரம் மெஷினில் கிடந்துவிட்டு வந்தாய். சோர்வு இருந்தது, தலைவலி இல்லை. அதற்கு மேல் யாருக்கும் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை உன் வீட்டு வாசலில் நடந்த கூத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. டயாலிசிஸ் ஊசி போடுகிற கைக்கு நீ பாரம் கொடுக்கக் கூடாது. அதனால் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து உத்தரவு போட்டாய், என் தொப்பையோடு நான் சாக்கு விரித்துக் காருக்கு அடியில் போனேன். அதற்கு முன்பே ஆறிய இஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லியிருந்தாய். வளர்மதி ஈரத்துணியை மடித்துப் புகை வெளியேறும் வாயை ஒரு கணம் அழுத்தினாள். போக வழியில்லாத காற்று நடுவில் எங்கோ புஸ் புஸ் என்று சீறியது. துணி சோப்பு கரைத்த தண்ணீரை இணைப்புகளில் தெளிக்கச் சொன்னாய். சைலன்சர் பெட்டிக்கு முன்னால் குழாய் சேருகிற இடத்தில் நுரை குமிழ் குமிழாகப் பொங்கியது. சுற்றிலும் கரி. நேர் மேலே, பின்சீட்டுக்கு அடியில், காரின் தரைத் தகட்டில் இருந்த ரப்பர் மூடி ஒன்று விழுந்துபோய் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை. புகை அந்த வழியாக ஏறி, நான் பத்திரமாக மூடி வைத்த காருக்குள் உன் முகத்தண்டை நின்றிருக்கிறது.

"நாத்தம் வராத வெசம் மச்சான் அது. புகை நாத்தம் வந்தாலும் நாம கம்பெனி மேல போட்டுட்டோம்" என்றாய். என் மூக்கை நம்பி ஊரே காபித்தூள் வாங்குகிறது. அதை நீ எத்தனை நாள் சொல்லிச் சிரித்தாய்.

முதுநகரில் ரஷீத் பாய் பட்டறை. அவர் வழிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஓட்டையைப் பட்டி பூசி அடைத்து, தகடு சுற்றிக் கிளிப் போட்டால் ஒரு மாதம் ஓடும். வெல்டிங் வைக்கலாம், ஆனால் துருப்பிடித்த குழாயில் ஓட்டை பக்கத்திலேயே திரும்ப விழும். காயலாங்கடையில் பழைய சைலன்சர் கிடைக்கும், அதன் வயசு யாருக்கும் தெரியாது. புதிதில் லோக்கல் சாமான் உண்டு, கம்பெனி சாமான் உண்டு. லோக்கலில் தகடு மெலிசு, நம் உப்புக்காற்றுக்கு ரொம்ப நாள் தாங்காது. நான் வெல்டிங் பக்கம் வாயெடுப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "பாய், குழாய், பெட்டி, நடுவுல கேஸ்கட், தொங்கவிடுற ரப்பர், எல்லாம் கம்பெனி சாமான் போடுங்க. தரையில இருக்குற ஓட்டையையும் அடைங்க. இவன்கிட்ட கேக்காதீங்க."

வேலை முடிந்ததும் அதே சோப்புத் தண்ணீரை மறுபடி தெளித்து, ஒரு குமிழ்கூட வரவில்லை என்று பார்த்த பிறகுதான் நகர்ந்தாய். செவ்வாய்க்கிழமை நான் கூப்பிடும் முன்பே சட்டை மாட்டி வாசலில் நின்றாய். அதன் பிறகு மூன்று வருடம். உன் மகள் கல்யாணம் அதற்குள் நடந்தது. பேத்தி பிறந்து, உன் மீசையைப் பிடித்து இழுக்கிற வயசும் வந்தது. போன ஐப்பசியில் தூக்கத்திலேயே போனாய். தலைவலி இல்லாமல் போனாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

இப்போது மறைத்ததைச் சொல்கிறேன். உனக்கு முதல் வாந்தி வருவதற்கு ஆறு மாதம் முன்பே ரஷீத் பாய் என்னிடம் சொல்லியிருந்தார், "குழாய் துரு ஜாஸ்தியா இருக்கு, மாத்திடுங்க" என்று. பொங்கல் வியாபாரம் முடியட்டும் பாய் என்றேன். பொங்கல் முடிந்தது, சித்திரையும் முடிந்தது. எனக்கு அது நினைவிலேயே இல்லை. உன்னைச் சாவின் வாசல்வரை தள்ளிக்கொண்டு போனது என் சோம்பேறித்தனம். அன்று பட்டறையில் பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். டீ வாங்கி வருகிறேன் என்று நழுவினேன். ஒவ்வொரு பயணத்திலும் சொல்லிவிட வாயெடுப்பேன், கண்ணாடியில் உன் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிடுவேன்.

இன்று பாய் பார்த்துவிட்டு, புகைக்குழாய் இஞ்சினோடு சேரும் இடத்தில் கேஸ்கட் போயிருக்கிறது, மாலைக்குள் மாற்றிவிடலாம் என்றார். காத்திருக்கும் நேரத்தில் உன் வீட்டுக்குப் போனேன். வளர்மதி காபி கொடுத்தாள், என் கடைத் தூள்தான். என்ன தோன்றியதோ, எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டேன். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவருக்குத் தெரியும்ணே" என்றாள். "அன்னிக்கு நீங்க டீ வாங்கப் போயிருந்தப்பவே பாய் சொல்லிட்டாராம். வீட்டுக்கு வந்து என்கிட்ட சொன்னாரு. நான் கோவமாத்தான் இருந்தேன். 'நீ தெரிஞ்ச மாரி காட்டிக்காத, அவன் கூச்சத்துல வராம நின்னுடுவான். அவன் வரலைன்னா எனக்குப் போவத் தோணாது'ன்னாரு."

மூன்று வருடம், வாரத்துக்கு இரண்டு தடவை, தெரிந்துகொண்டே என் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறாய். நான் அழுதேன் மச்சான். உன் பேத்தி எனக்கு பிஸ்கட் கொடுத்து சமாதானம் செய்தது.

வண்டி தயாராகிவிட்டது. சோப்புத் தண்ணீரை நானே தெளித்துப் பார்த்தேன். இப்போது என் காரில் டயாலிசிஸுக்கு வரும் புதுப்பாளையத்து டீச்சரம்மாவும், புதிதாக வந்து சேர்ந்திருக்கும் ஒரு பையனின் அப்பாவும், வெள்ளிக்கிழமை வண்டி உண்டா என்று கேட்டுவிட்டார்கள். உண்டு என்றேன். கூச்சத்தில் நிற்கமாட்டேன். அன்று காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறேன்.